களுவாஞ்சிகுடி மாமியின் கணினியைக் கொழும்பிலிருந்து திருத்த

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும், தூரத்திலிருந்தே இன்னொருவரின் கணினியைப் பார்த்து இயக்க உதவும் மைக்ரோசொஃப்டின் 'குயிக் அசிஸ்ட்' செயலி போதும். உதவுபவருக்கு மட்டும் மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டும், மாமிக்குத் தேவையில்லை.

முதலில் போனில் கோல் எடுங்கள், கடைசிவரை வெட்டாதீர்கள். குயிக் அசிஸ்டில் உங்கள் பக்கம் வரும் குறியீடு 10 நிமிடத்தில் காலாவதியாகும். ஆகவே மாமி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்ட பிறகே அதை எடுப்பது புத்தி.

"மாமி, கொன்ட்ரோல், விண்டோஸ், கியூ மூண்டையும் சேத்து அமத்துங்க." அவர் பக்கம் குயிக் அசிஸ்ட் திறந்ததும் குறியீட்டை அடித்து அனுமதிக்கச் சொல்லுங்கள். அப்போது திரை மட்டுமே தெரியும். மவுஸைப் பிடிக்க நீங்கள் தனியாகக் கட்டுப்பாடு கேட்க வேண்டும், அவர் மறுபடி அனுமதிக்க வேண்டும்.

ஏதாவது மென்பொருள் நிறுவும்போது உங்கள் திரை கறுத்து நின்றால் பதறி லைனை வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் விண்டோஸ் அங்கே நிர்வாகி அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும். 'யெஸ்' மாமிதான் அழுத்த வேண்டும்.

தெரியாத எவரும் கோலில் தரும் குறியீட்டை அடிக்கவே கூடாதென்றும் சொல்லிவையுங்கள்.