பழைய டீசல் எஞ்சினில் பம்ப் டைமிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சின் கரும்புகை தள்ளுகிறது, லோடு இழுக்கவில்லை என்றால் "டைமிங் போயிடுச்சு" என்று சொல்லி முதல் வேலையாக, நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றிவிடுகிறார்கள். டைமிங் என்பது அந்தப் பம்ப் டீசலை அடிக்கத் தொடங்கும் நேரம். கிணற்றடியில் ஓடும் ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சினில் டைமிங் தானாக மாறுவது அபூர்வம். பம்பை இயக்கும் கேம், எஞ்சினுக்குள் பல்சக்கரத்தோடு பூட்டப்பட்டது. கேமும் அது தள்ளும் டேப்பெட்டும் தேய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ பம்பைக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். டீசலைத் தூவாமல் சொட்டும் நாசிலும் அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டரும் இதே புகையைத்தான் தரும். நாசிலை டெஸ்டரில் வைத்துப் பிரஷர் பார்த்து, வால்வு கிளியரன்ஸையும் சரிபார்த்த பிறகு பம்பிடம் வந்தால் போதும்.

அதிகக் கெடுதல் செய்யும் தவறு பம்பைக் கழற்றும்போதுதான் நடக்கிறது. கிர்லோஸ்கர் டிவி1 போன்ற எஞ்சின்களில் பம்பின் அடியில், பிளாக்குக்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவே, மெல்லிய தகடுகள் இருக்கும். அந்த ஷிம்கள்தான் டைமிங்கைத் தீர்மானிக்கின்றன. பழைய பேக்கிங் என்று நினைத்து அவற்றைச் சுரண்டி எறிந்துவிட்டு, அட்டையை வெட்டி சீலன்ட் தடவி மாட்டிவிடுகிறார்கள். அந்தக் கணத்திலேயே டைமிங் கைவிட்டுப் போய்விடுகிறது. கழற்றியதும் ஷிம்களை எண்ணி, மைக்ரோமீட்டரில் கனம் அளந்து, ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். பம்ப் சர்வீசுக்குப் போனாலும் ஷிம் உங்களிடமே இருக்கட்டும்.

ஷிம் சேர்த்தால் டைமிங் முன்னே வருமா, பின்னே போகுமா என்பதிலும் பலருக்குக் குழப்பம். ஷிம் சேர்த்தால் பம்ப் கேமை விட்டு மேலே போகிறது. பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் இன்னும் கொஞ்சம் ஏறினால்தான், அது ஓடும் உருளையான பேரலின் துளையை மூட முடியும். ஆகவே டீசல் தாமதமாக இறங்கும். ஷிம்மை எடுத்தால் சீக்கிரமே இறங்கும். முழு ஷிம்மையும் எடுத்துவிட்டால் பவர் கூடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் கிடைப்பது கடுமையான தட்டல், ஹெட் கேஸ்கட்டுக்கும் ரிங்குக்கும் கேடு, ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்பவரின் கையைத் திருப்பி அடிக்கும் ஆபத்து. அளவுக்கு மேல் தாமதித்தாலோ புகைபோக்கி சூடேறும், டீசல் செலவு ஏறும்.

அடுத்தது டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். நாசிலைக் கழற்றிக் கம்பியை விட்டு, பிஸ்டன் மேலே வந்ததும் ஃப்ளைவீலில் கோடு போட்டுவிடுவார்கள். 110 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள டிவி1 எஞ்சினில் டிடிசியிலிருந்து 3 டிகிரி விலகினாலும் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இறங்கும். கம்பி அதை எப்படிக் காட்டும்? வால்வில் இடிக்காதபடி ஒரு தடுப்பு வைத்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக இரு பக்கமும் சுற்றி, பிஸ்டன் தடுப்பைத் தொடும் இரண்டு இடங்களையும் குறியுங்கள். அவற்றின் நட்டநடுவே டிடிசி.

டிவி1-க்குச் சொல்லப்பட்ட டைமிங் டிடிசிக்கு 23 டிகிரி முன்னால். மற்ற மாடலுக்கு அதன் புத்தகத்தில் உள்ள எண்ணைத்தான் எடுக்க வேண்டும். "ரெண்டு விரற்கடை முன்னால வை" என்பது அளவல்ல. ஃப்ளைவீல் விளிம்பை டேப்பால் சுற்றி அளந்து, 360-ஆல் வகுத்து, 23-ஆல் பெருக்குங்கள். விளிம்பு 1,200 மி.மீ. என்றால் கோடு விழவேண்டிய இடம் டிடிசிக்கு முன்னால் 76.7 மி.மீ.

இனி ஸ்பில் பார்ப்பது, அதாவது பம்பிலிருந்து டீசல் வழிவது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. பம்பின் மேலே உள்ள டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு ஹோல்டரை மட்டும் மாட்டி, டேங்க் டீசலைத் திறந்துவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே ஃப்ளைவீலைச் சுற்ற வேண்டும். வழிகிற டீசல் சட்டென்று நிற்கும் இடமே பம்ப் டீசலை அடிக்கத் தொடங்கும் இடம். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக், ஸ்டாப் நிலையில் இருந்தால் வழிவது நிற்கவே நிற்காது. பம்ப் போய்விட்டது என்று தவறாக முடிவு கட்டுவார்கள். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் பார்த்தாலும் அதே கதைதான். இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், ரேக்கை ஓடும் நிலையில் வைத்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு இழுக்காதீர்கள். பல்சக்கரத்தின் ப்ளே (பற்களுக்கு நடுவே உள்ள தளர்வு) அளவைக் கெடுக்கும். கால் சுற்றுக்கு மேல் பின்னே போய், மறுபடி முன்னோக்கி வாருங்கள். டெலிவரி வால்வைத் திரும்ப மாட்டும்போது சுத்தமான டீசலில் கழுவியே மாட்ட வேண்டும். பழைய துணியால் துடைத்தால் ஒரு நூல் போதும், வால்வு உட்காராது.

நாசிலை வெளியே வைத்து அடிப்பைச் சோதிக்கும்போது கையை எதிரே நீட்டுபவர்களைப் பார்த்தால் பதறுகிறது. 200 பாருக்கு மேல் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டிராக்டர், லாரிகளின் இன்லைன் பம்பில் (சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர்கள் வரிசையாக உள்ள பம்ப்) டைமிங்கை இப்படி அடியில் ஷிம் வைத்து மாற்றுவதில்லை. பம்பைத் திருப்பியோ கப்ளிங்கை நகர்த்தியோ வைக்கிறார்கள். அங்கே மறக்கக்கூடாதது ஒன்று: நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பம்ப், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. பம்பில் 1 டிகிரி நகர்த்தினால் கிராங்கில் 2 டிகிரி மாறும். புத்தகத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் கிராங்க் டிகிரி.