பழைய பீங்கான் ஜக்கு வாங்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர்

வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய சாமான் கடையில் கைப்பிடி வைத்த பழுப்பு நிறப் பீங்கான் ஜக்கு கண்ணில் பட்டால், விலை கேட்கும் முன் கவிழ்த்துப் பிடியுங்கள். அடி விளிம்பில் மெருகு (கண்ணாடி மாதிரி பளபளக்கும் பூச்சு) ஏறாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் நல்ல சரக்கு, அதாவது கல் மாதிரி இறுகிய 'ஸ்டோன்வேர்'. உறிஞ்சிக்கொண்டால் வெறும் மண்பாண்டத்துக்கு மேல்பூச்சு.

நம் ஊறுகாய் ஜாடியின் சாதிதான் இந்த ஸ்டோன்வேர். சுமார் 1,200 டிகிரி சூட்டில் வேகும்போது களிமண்ணே பாதி கண்ணாடியாக இறுகிவிடுகிறது, தண்ணீர் நுழைய இடுக்கு இல்லை. மேல்பக்கம் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடியாகக் குழிந்திருந்தால், சூளை உச்ச சூட்டில் இருக்கும்போது உப்பை அள்ளிப் போட்டு மெருகேற்றியது. ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கத்துப் பழைய கைவேலை.

இந்தச் சோதனை வயதைச் சொல்லாது, நேற்று செய்த ஜக்கும் தேறிவிடும். அடி முழுக்க மெருகு பூசியிருந்தாலும் பயன்படாது. வயதுக்கு முத்திரையைப் பாருங்கள்: அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடப்புக்கு வந்தது. எனவே 'இங்கிலாந்து' என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியதுதான். கடைக்காரர் 'இருநூறு வருஷத்துப் பொருள் சார்' என்றால் சிரித்துக்கொண்டே பாதி விலைக்குக் கேளுங்கள்.