கேம் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

"மச்சான், பத்துக்கு எத்தனை குடுப்பாய்?" புதுக் கேம் ஒன்று வந்தால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் பெடியள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நானும் எட்டு, ஒன்பது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். என் பேச்சை நம்பிக் காசு போட்டு வாங்கிய ஒருவன், தன்னுடைய பழைய பிளேஸ்டேஷன் 4இல் அந்தக் கேம் திக்கித் திக்கி ஓடுவதைக் காட்டி ஏசின பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் விளையாடியது பிளேஸ்டேஷன் 5இல், அதை அவனிடம் சொல்லவே இல்லை.

எதில் விளையாடினோம் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய பிழை. 2020 டிசம்பர் 10 வெளியான சைபர்பங்க் 2077ஐ எடுத்துப் பாருங்கள். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கம்பியூட்டர் பதிப்பு மட்டும்தான், புள்ளிகளும் அமோகமாக வந்தன. பிறகு பிளேஸ்டேஷன் 4இல் போட்டுப் பார்த்த சனம் தலையில் கை வைத்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே தூக்கியது, திரும்ப வந்தது 2021 ஜூனில். விமர்சகர்கள் பொய் சொன்னார்கள் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள், அது நியாயமில்லை. கம்பியூட்டரில்தான் விளையாடினோம் என்று பலர் எழுதித்தான் இருந்தார்கள், நாங்கள்தான் அந்த வரியைத் தாண்டி நேரே புள்ளிக்கு ஓடினோம்.

சரி, அந்தப் புள்ளிக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் எழுபது எடுத்தால் நல்ல பிள்ளை, கேம் உலகத்தில் பத்துக்கு ஏழு என்றால் 'பரவாயில்லை, காசு மிஞ்சினால் வாங்கு' என்ற அளவுதான். ஒன்றிலிருந்து ஐந்து வரையான எண்களை அநேகமாக யாரும் தொடுவதில்லை. அதோடு அந்த எண் ஆட்களின் சம்பளத்திலும் கை வைக்கும். ஃபால்அவுட் நியூ வேகாஸ் என்ற கேம், விமர்சகர்களின் புள்ளிகளைச் சேர்த்து நூற்றுக்குச் சராசரி காட்டுகிற மெட்டாகிரிட்டிக் இணையத்தளத்தில் 85 எடுத்திருந்தால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு போனஸ் கிடைத்திருக்கும். வந்தது 84. நீங்கள் புள்ளி போட்டாலும் போடாவிட்டாலும், என்ன பிடித்தது, எங்கே சலித்தது, எத்தனை மணித்தியாலம் விளையாடினீர்கள் என்று மூன்று வரி எழுதினால் வாசிக்கிறவனுக்கு அது போதும்.

மணித்தியாலம் என்றதும் நினைவு வருகிறது. 2020 ஜூனில் த லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2 வெளியான அன்றைக்கே ஆயிரக்கணக்கானவர்கள் பூச்சியம் போட்டார்கள். முடிக்க இருபது மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிற கேம் அது! அதற்குப் பிறகுதான், வெளியாகி 36 மணித்தியாலம் கழியும் வரை பயனர்கள் புள்ளி போட முடியாது என்று மெட்டாகிரிட்டிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முடிக்காமல் கருத்துச் சொல்வது குற்றமில்லை, முடித்த மாதிரிக் கதைப்பதுதான் பிழை.

இனி எங்கள் ஊருக்கே உரிய பிழை. லண்டனிலோ அமெரிக்காவிலோ இருந்து ஒருவர் கொன்சோல் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரியான கேம் பெட்டி) பற்றிச் சொல்வதை அப்படியே தமிழில் ஒப்புவிக்கிறோம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மலிவு, வாங்குங்கள் என்று அவர் சொல்வது அவருக்குச் சரி. அதில் டிஸ்க் போட ஏலாது, எல்லாம் டவுன்லோட்தான். டேட்டா பாக்கேஜைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற வீட்டில் ஒரு கேமுக்கு நூறு ஜிபி இறக்குவது என்றால் யோசிக்க வேண்டும். இங்கே ஒரு டிஸ்க் கொக்குவிலில் வாங்கப்பட்டு, கோண்டாவில் போய், நாலு பேர் முடித்த பிறகு பாதி விலைக்கு விற்கப்படும், அந்தக் கணக்கு எந்த வெளிநாட்டு ரிவ்யூவிலும் வராது. பிளேஸ்டேஷன் 5 ப்ரோவும் அப்படித்தான், டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்க வேண்டும். ஹாலில் இருப்பது படத்துல்லியம் குறைந்த பழைய 1080பி டிவி என்றால் அந்த விலைக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்பதை நேர்மையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கனடாவிலிருந்து மாமா கொண்டுவருகிற டிஸ்க். பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கிற நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால் இங்கே பலரும் வேறு நாட்டுக் கணக்குத்தான் வைத்திருக்கிறார்கள். டிஸ்க் எந்தக் கணக்கிலும் ஓடும், ஆனால் பல கேம்களில் டிஸ்க் ஒரு வட்டாரம், டிஎல்சி (கேமோடு சேர்க்கத் தனியாக வாங்கி இறக்குகிற மேலதிகப் பகுதி) வாங்கிய கணக்கு வேறு வட்டாரம் என்றால் டிஎல்சி வேலை செய்யாது. இது தெரியாமல் 'கேம் பழுது' என்று திட்டித் தீர்த்தவர்களில் நானும் ஒருவன். வெளிநாட்டுக் கொன்சோலுக்கு டிரான்ஸ்ஃபோமர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் சட்டென்று ஓம் சொல்லாதீர்கள். பின்பக்கத்தில் 100–240 வோல்ட் என்று இருந்தால் எங்கள் 230 வோல்ட்டுக்கு பிளக் வயரை மாற்றினாலே போதும்.

மாமா சும்மா தந்த கேம் யாருக்கும் நல்ல கேம்தான். நிறுவனம் இலவசமாக அனுப்பிய பிரதியை விளையாடுகிற விமர்சகரைச் சந்தேகப்படுகிற நாங்கள், எங்களுக்குச் சும்மா வந்ததைச் சொல்ல மட்டும் மறந்துவிடுகிறோம். சோனியா எக்ஸ்பாக்ஸா நின்டென்டோவா என்ற சண்டையைப் பற்றி இங்கே எழுதவில்லை, அதற்குத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது.

அப்புறம், திகதி போடுங்கள். 2016இல் நோ மேன்ஸ் ஸ்கை வந்தபோது, உருவாக்கியவர்கள் சொன்னதில் பலது அதில் இல்லை என்று எல்லாரும் கிழித்தார்கள், நியாயமாகத்தான் கிழித்தார்கள். பிறகு வருடக்கணக்காக இலவச அப்டேட் வந்து வந்து இன்று அது வேறொரு கேம். அதற்கு நான் அப்போது போட்ட பத்துக்கு நாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் ஒருவன் தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறான்.