அறங்காவலர் பயிற்சிக்குச் சட்டப் புத்தகம் பிறகு

மூணாறு, தேவிகுளம் பக்கத் தோட்டங்களில் வருங்கால வைப்பு நிதியை நிர்வாகத்தின் அறக்கட்டளையே நடத்தும் இடங்களில், அறங்காவலர் குழுவுக்குப் புதிதாக வரும் தொழிலாளர் பிரதிநிதிக்கு முதல் நாளே சட்டப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். அவருடைய சொந்த ஆண்டுக் கணக்குச் சீட்டையும் ஒரு கால்குலேட்டரையும் கொடுங்கள்.

14,000 ரூபாய் சம்பளம் என்றால் நிர்வாகம் கட்டும் 12 சதவீதம் 1,680 ரூபாய். அதில், சம்பளத்தின் 8.33 சதவீதமான 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது; நிர்வாகத்தின் பங்காகச் சீட்டில் ஏறுவது 514 ரூபாய்தான். மிச்சம் எங்கே என்று அவரே கேட்பார். அப்போதுதான், ஓய்வூதியப் பணம் அறக்கட்டளையின் கையில் இல்லை, மத்திய வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் (EPFO) இருக்கிறது என்பது மனதில் பதியும். நாள் முழுக்க வகுப்பெடுத்தாலும் நழுவிப்போகும் விஷயம் இது. அடுத்து, கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70ஆல் வகுக்கச் சொல்லுங்கள். அதே 14,000 ரூபாய் சராசரி என்றால், பத்து ஆண்டுப் பணிக்கு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய் வரும். எனக்கு எவ்வளவு ஓய்வூதியம் வரும் என்று கேட்டு வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கு அவர் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான்.

2014 செப்டம்பருக்கு முன் சேர்ந்தவர்களின் சீட்டை இதற்கு எடுக்காதீர்கள்; அவர்களுக்கு, ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு மாறிய கணக்கு குறுக்கே வரும். 1995க்கு முந்தைய பணி இருந்தால் இன்னும் சிக்கல். அறக்கட்டளை நிதியை எங்கே முதலிடுவது என்ற முடிவுகளுக்கும் இந்த வழி போதாது. கடன் பத்திரங்களின் தர மதிப்பீட்டைப் படிக்கத் தனிப் பயிற்சி கட்டாயம் வேண்டும்.