கார் விபத்துக்குப் பின் விடாமல் தொடரும் கழுத்துவலி: மீள்வது எப்படி

சிக்னலில் நின்றுகொண்டிருக்கும் காரின் பின்புறத்தில் இன்னொரு வண்டி வந்து மோதும்போது, இருக்கையோடு சேர்ந்து உடல் முன்னால் தள்ளப்படுகிறது. தலை மட்டும் ஒரு கணம் இருந்த இடத்திலேயே நின்று, பின்னோக்கிச் சாய்ந்து, பிறகு முன்னோக்கி வீசப்படுகிறது. ஒரு நொடிக்கும் குறைவான அந்த நேரத்தில் கழுத்தின் தசைகளும் இணைப்புநார்களும், கழுத்தெலும்புகளின் பின்புறமுள்ள சிறு மூட்டுகளும் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. மருத்துவர்கள் இதை விப்லாஷ் காயம் என்கிறார்கள். ரத்தம் வராது, எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் கழுத்தைத் திருப்ப முடியாமல் போகும். பலருக்கு இது சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. ஆனால் மூன்று மாதம் கடந்தும் வலி விடாதவர்கள் குறைவானவர்கள் அல்லர். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

எந்தப் பயிற்சியையும் தொடங்குமுன் ஆபத்தான காரணங்கள் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கை கால்களில் மரத்துப்போதல் அல்லது வலுவிழப்பு, நடையில் தள்ளாட்டம், சட்டை பொத்தானைப் போட முடியாத அளவுக்கு விரல்களில் தடுமாற்றம், சிறுநீர் மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சலோடு கூடிய வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிதல், இதுவரை அறியாத கடும் தலைவலி போன்றவை திடீரென வந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குத் தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் கழித்தும் மூளையைச் சுற்றி ரத்தம் தேங்கக்கூடும் என்பதால், அவர்களிடம் புதிதாக வரும் மயக்கத்தையும் குழப்பத்தையும் வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடக் கூடாது.

இவை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, வலியைப் பற்றி ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. இழுபட்ட தசையும் நாரும் பொதுவாகச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் பெருமளவு ஆறிவிடுகின்றன. அதன் பிறகும் வலிப்பதற்குப் பல நேரங்களில் காரணம், காயத்தைக் காக்க விழித்துக்கொண்ட நரம்பு மண்டலம் இன்னும் அடங்காமல், சாதாரண அசைவையும் ஆபத்தாக எடுத்துக்கொள்வதுதான். இந்த வலி கற்பனையல்ல, முழுக்க உண்மையானது. ஆயினும் வலிக்கிறது என்பதாலேயே உள்ளே ஏதோ முறிந்து கிடக்கிறது என்று பொருளாகாது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் பிதுக்கம்’, அதாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு சற்று வெளியே தள்ளியிருப்பது, என்ற சொல்லைப் பார்த்து அஞ்சி ஒடுங்கிப்போனவர்கள் ஏராளம். 2015-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கழுத்துத் தொந்தரவு ஏதுமில்லாத 1,211 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது 87.6 சதவீதத்தினருக்கு அந்தப் பிதுக்கம் இருந்தது. ஆகவே அறிக்கையின் வரிகளைத் தனியே படித்து முடிவுக்கு வராமல், உடலைத் தொட்டுச் சோதித்த மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் அணிந்திருப்பவர்கள், மருத்துவர் தனிக் காரணம் சொல்லி அணியச் சொல்லியிருந்தால் ஒழிய, அதை அவரிடம் கேட்டுப் படிப்படியாக விட்டுவிட வேண்டும். பட்டைக்குள் அசையாமல் இருக்கும் தசை மெலிந்து, மூட்டு இறுகி, வலி நீடிக்கவே செய்கிறது.

இதைவிட அழுத்திச் சொல்ல வேண்டியது இன்னொன்று. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதும், சுளுக்கு வழிப்பவரிடம் கழுத்தைக் கொடுப்பதும் நம் ஊர்களில் மிக இயல்பாக நடக்கின்றன. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரக்கூடும். அடிக்கடி நிகழ்வதல்ல என்றாலும், விபத்தில் அடிபட்ட கழுத்தில் அந்தத் துணிச்சல் வேண்டவே வேண்டாம்.

மீட்சியின் பெரும்பகுதி அளவான அசைவில் இருக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தலையை மெதுவாக வலப்புறமும் இடப்புறமும், இறுக்கம் தெரியத் தொடங்கும் இடம் வரை திருப்புங்கள். பிறகு காதைத் தோளை நோக்கிச் சாய்த்து, இரு பக்கமும் அதேபோலச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஒரு நாளில் நான்கைந்து தடவை போதும். ஒரு வாரத்தில் இது பழகிவிட்டால், மெல்லிய தலையணையில் மல்லாந்து படுத்து, ‘ஆம்’ என்று தலையசைப்பது போல மோவாயை மிக லேசாகத் தொண்டை நோக்கி இறக்கி ஐந்து நொடி வைத்திருந்து விடுங்கள். தலை தலையணையை விட்டு எழக் கூடாது; கழுத்தின் முன்பக்கம் நரம்பு புடைக்கும் அளவுக்கு முக்கவும் கூடாது. இந்தச் சிறிய அசைவு, விபத்துக்குப் பின் சோம்பிப்போகும் ஆழ்தசைகளை மீண்டும் வேலைக்கு அழைக்கிறது. அடுத்ததாக உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை நகராதபடி கையும் தலையும் ஒன்றையொன்று ஐந்து நொடி மெதுவாகத் தள்ளட்டும். பிடரியிலும் இரு பக்கங்களிலும் அப்படியே. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றையொன்று நோக்கி இழுத்து விடும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் கழுத்தின் சுமை குறையும்.

பயிற்சியின்போது வலி சற்றுக் கூடினால் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். தினமும் நடப்பதும் இதே அளவுக்கு முக்கியமானது. நேரில் கற்றுக்கொள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவு உண்டு. வெளியே செல்ல இயலாதவர்கள், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கிடைக்குமா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

வலி குறைந்த நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதுதான் பலரும் விழும் பள்ளம். கணினி முன் நாற்பது நிமிடத்தில் வலி ஏறுகிறது என்றால் முப்பதாவது நிமிடத்திலேயே எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். வாரத்துக்கு வாரம் சில நிமிடங்களைக் கூட்டுங்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஒரே பக்கமாகத் தூக்காமல் இரண்டு சிறிய பாத்திரங்களாகப் பிரித்து இரு கைகளில் எடுப்பது, கைப்பேசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்ப்பது, குப்புறப் படுக்காமல் இருப்பது ஆகிய சிறு மாற்றங்களும் துணைசெய்யும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்பதால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

மாத்திரைகளில் எச்சரிக்கை தேவை. மருந்துக்கடைகளில் வலிக்குக் கொடுக்கும் அசெக்ளோஃபெனாக் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு, தெரியாமல் தனியாகவும் பாராசிட்டமால் எடுப்பவர்களுக்கு அளவு மீறிவிடும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பதே உச்ச வரம்பு. மது அருந்துபவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் அசெக்ளோஃபெனாக் வகை மருந்துகளைத் தாமாக வாங்கக் கூடாது. நீடித்த வலிக்கு மருத்துவர் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் எழுதினால், அது மனச்சோர்வுக்கான மருந்தாயிற்றே என்று நிறுத்திவிடாதீர்கள். அது நரம்புகளின் மிகைத்தூண்டலைத் தணிக்கவும் பயன்படுகிறது.

சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் பில்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். விபத்தன்று மருத்துவமனையில் பதிந்த ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலும் அதில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், வலி நிற்கட்டும் என்று காத்திருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மீண்டும் காரில் ஏறும் அச்சம் பலருக்குக் கழுத்தைவிட மெதுவாகவே ஆறுகிறது. நிறுத்திய காரில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பதில் தொடங்கி, நம்பிக்கையானவர் ஓட்ட அருகில் அமர்ந்து, பிறகு நெரிசலற்ற தெருவில் தாமே ஓட்டிப் பார்த்து, கடைசியாக விபத்து நடந்த சாலைக்குச் செல்லலாம். ஒரு மாதத்துக்கு மேலும் அந்தக் காட்சி கனவிலும் நினைவிலும் துரத்தினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) தமிழிலேயே பேசலாம். இரு தோள்களுக்கும் மேலாகத் தலையைத் திருப்பிப் பார்க்க முடியும் வரையும், தூக்கம் வரவழைக்கும் மருந்து எடுக்கும் காலத்திலும் ஓட்டக் கூடாது. ஓட்டத் தொடங்கும் அன்று, இருக்கையின் தலைதாங்கியை அதன் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வரும்படி ஏற்றி, பிடரிக்கும் அதற்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளிக்கு மேல் இல்லாதபடி இருக்கைச் சாய்வைச் சரிசெய்துகொண்டு புறப்படுங்கள்.