‘அதிகாரமளி’ என்று எழுதுமுன்: கடிதத்திலும் அறிக்கையிலும் விடும் பிழைகள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கோப்பைப் புரட்டினால் இரண்டு சொற்கள் மாறிமாறி வரும்: அதிகாரமளித்தல், வலுவூட்டல். இரண்டும் ஒன்றுதான் என்று எழுதுவது முதற்பிழை. அதிகாரமளிப்பது ஒரு காரியத்தைச் செய்ய உரிமை கொடுப்பது. தீர்மானம் நிறைவேறியதும் அது கைக்கு வந்துவிடும். வலுவூட்டுவது ஆளுக்குத் திராணி சேர்ப்பது. அதற்கு நாள் எடுக்கும். பெண் தலைமைத்துவக் குடும்பமொன்றுக்குத் தையல் மெஷின் கொடுத்தால் அது வலு. அதே பெண் சங்கக் காசோலையில் கையொப்பம் வைக்கும் உரிமை பெற்றால் அது அதிகாரம். ‘20 பெண்கள் வலுவூட்டப்பட்டனர்’ என்ற அறிக்கை வரி இவற்றில் எது நடந்தது என்று சொல்லவே இல்லை. கொடுத்ததைப் பெயர் சொல்லி எழுதினால் அந்த வினையே தேவைப்படாது.

வேற்றுமை உருபிலும் பிழை வரும். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். பிள்ளையைச் சோறு ஊட்டுவதில்லை. ஆகவே ‘பெண்களுக்கு வலுவூட்டல்’ என்பதே சரி. ‘ஐ’ உருபு வேண்டுமென்றால் ‘பெண்களை வலுப்படுத்தல்’ என்று வினையை மாற்றுங்கள். ‘பெண்களை வலுவூட்டல்’ பதாகைகளில் ஊறிப்போய்விட்டது, ஆனாலும் காதில் இடறத்தான் செய்கிறது. ‘பொருளாளருக்கு அதிகாரத்தை அளிக்கப்பட்டது’ என்பதும் இதே வகைதான். செயப்பாட்டு வினையில் ‘ஐ’ நிற்காது. ‘அதிகாரம் அளிக்கப்பட்டது’ என்க.

கூடுதலாகச் சிக்கல் தருவது வங்கிக்குப் போகும் கடிதம். பலர் எழுதுவது இப்படி: ‘எமது சங்கத்தின் தலைவரும் பொருளாளரும் அதிகாரமளிக்கப்படுகிறார்கள்.’ யார் அளித்தது? எதற்கு? எவ்வளவு வரை? இருவரும் சேர்ந்தா, தனித்தனியாகவா? ஒன்றுக்கும் விடையில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘இன்ன திகதியில் நடந்த பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி, இன்ன இலக்கச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு தடவையில் ரூபா 50,000 வரை பணம் மீளப்பெறத் தலைவருக்கும் பொருளாளருக்கும் கூட்டாக அதிகாரம் அளிக்கிறோம். இது அடுத்த நிர்வாகத் தெரிவு வரை செல்லும்.’

இதில் ‘கூட்டாக’ என்ற ஒரு சொல்லை விட்டால் கடிதம் கெட்டுவிடும். ‘தலைவருக்கும் பொருளாளருக்கும்’ என்பதை ஆளுக்காள் தனித்தனியே எடுக்கலாம் என்றும் வாசிக்க இடமுண்டு. ‘ரூபா 50,000 வரை’ என்பது விடுபட்டாலும் ஆபத்துத்தான், தொகைக்கு எல்லையே இருக்காது.

அனுமதியும் அதிகாரமும் வேறு. குளத்துத் துருசை (நீர் திறந்துவிடும் மதகை) பார்வையிட ஒருவருக்கு அனுமதி கொடுக்கலாம். துருசைத் திறக்கவும் பூட்டவும் கொடுப்பது அதிகாரம், ஏனெனில் அந்த முடிவு வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும். ‘பாரம் கொடுத்தல்’ இன்னொன்று. பழைய பொருளாளர் காசுப்புத்தகத்தையும் பெட்டித் திறப்பையும் புதியவரிடம் பாரம் கொடுக்கிறார். அதனால் மட்டும் புதியவருக்குக் கையொப்ப அதிகாரம் வந்துவிடாது. ‘அதிகாரம் பண்ணுதல்’ என்றாலோ ஊரில் ஒரே பொருள்தான், அதை விளக்கத் தேவையில்லை.

இலங்கைச் சட்டத் தமிழில் ‘தத்துவம்’ என்பதற்கும் அதிகாரம் என்றே பொருள். தமிழக வாசகர் மெய்யியல் என்று நினைத்துக் குழம்புவது இங்கேதான். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை வன்னிக் காணியைப் பார்க்க மாமனுக்கு எழுதிக்கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு உரிமை தரும் சட்ட ஆவணத்தை) ‘அதிகாரக் கடிதம்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடக் கூடாது. ‘காணி அலுவல்கள் அனைத்தும்’ என்று பொதுவாக எழுதாமல் குத்தகைக்குக் கொடுக்கவா, விற்கவா, வழக்குப் பேசவா என்று தனித்தனியே குறிக்க வேண்டும். தன்னிடம் இல்லாத உரிமையை எவரும் அளிக்க முடியாது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிற் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை) உறுதி எழுதிய சொந்தக் காணிபோல விற்க முடியாது. தத்துவத்தில் ‘விற்க’ என்று எழுதியிருந்தாலும் அந்தக் குறை தீராது. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். இடையில் மீளப்பெறுவதானால் ‘இரத்துச் செய்கிறேன்’ என்பதுதான் சொல். ‘அதிகாரம் குறைக்கப்படுகிறது’ என்று எழுதினால் மிச்சம் எவ்வளவு என்ற கேள்வி எழும்.

தட்டச்சையும் ஒருமுறை பாருங்கள். ‘அளி’ என்பதில் ளகரம் ழகரமானால் ‘அதிகாரமழிக்கப்பட்ட அலுவலர்’ ஆகிவிடுவார். ‘வலுவூட்டல்’ இரண்டெழுத்துப் பிசகினால் ‘வலியூட்டல்’. இரண்டும் பிழையற்ற தமிழ்ச் சொற்கள் போலவே தெரிவதால் எழுத்துப் பிழைதிருத்தியும் பேசாமல் விட்டுவிடக்கூடும்.