ஒரு புள்ளி நேரியல் சமன்பாட்டின் தீர்வா? சரிபார்ப்பது எப்படி?

3x − 2y = 12 என்ற சமன்பாட்டுக்கு (2, −3) தீர்வா என்று கேட்டால், சமன்பாட்டைத் தீர்க்க உட்கார வேண்டாம். பிரதியிட்டாலே போதும். அடைப்புக்குள் முதலில் இருப்பது x, அடுத்தது y.

இடப்பக்கம் = 3(2) − 2(−3) = 6 + 6 = 12

வலப்பக்கமும் 12. ஆகவே தீர்வுதான்.

பெரும்பாலும் சறுக்குவது அந்த −2(−3) என்ற இடத்தில். அடைப்புக்குறி போடாமல் 6 − 2 − 3 என்று எழுதினால் 1 வரும். சரியான புள்ளியையே தீர்வல்ல என்று தள்ளிவிடுவோம். குறை எண்ணோ பின்னமோ வந்தால் அடைப்புக்குறி கட்டாயம். வரிசை மாறினாலும் கதை மாறும்: (−3, 2) என்றால் −9 − 4 = −13, தீர்வல்ல.

பின்னத்தைத் தசமமாக்காதீர்கள். (14/3, 1) என்ற புள்ளிக்கு 14 − 2 = 12, சரியாகப் பொருந்துகிறது. 14/3 என்பதை 4.67 ஆக்கினால் 14.01 − 2 = 12.01 வந்து குழப்பும்.

y = 2x − 3 போல இரு பக்கத்திலும் மாறிகள் (x, y) இருந்தால், பக்கங்களைத் தனித்தனியே கணக்கிடுங்கள். (−1, −5) எனில் இடப்பக்கம் −5; வலப்பக்கம் 2(−1) − 3 = −5. உறுப்புகளை முன்கூட்டியே இடம் மாற்ற வேண்டியதில்லை, மாற்றும்போதுதான் குறி பிசகும்.

x = 5 என்று மட்டும் இருந்தால் y எங்கே என்று திகைக்க வேண்டாம். அது x + 0y = 5. எனவே (5, −8) தீர்வு. (−8, 5) அல்ல.

வரைபடத்தைப் பார்த்து மட்டும் முடிவு சொல்லக் கூடாது. 1 செ.மீ. = 1 அலகு என்ற அளவில் 3x − 2y = 12 கோட்டை வரைந்தால், (5, 1.4) அதன் மேலேயே இருப்பதுபோல் தெரியும். பிரதியிட்டால் 15 − 2.8 = 12.2. கோட்டில் உண்மையில் இருப்பது (5, 1.5). இரண்டுக்கும் இடைவெளி 1 மி.மீ.தான், மழுங்கிய பென்சில் அதை மறைத்துவிடும்.

சில சமயம் பிரதியிடாமலே சொல்லிவிடலாம். மாறிலி c 0 ஆக இல்லாத ax + by = c எதற்கும் (0, 0) தீர்வாகாது. 4x + 6y = 15 என்பதில் x, y இரண்டும் முழுக்கள் என்றால் இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண்; 15 ஒற்றை எண். ஆக, (3, 1), (−6, 7) என்று எத்தனை முழு எண் புள்ளிகள் கொடுத்தாலும் எதுவும் தேறாது. ஆனால் (3/2, 3/2) வந்தால் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள்: 6 + 9 = 15.